சுவான்சோ நகரில் சாப்பாடு, கடைவீதி, மாலைப்பொழுது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனாவின் தென்கிழக்குக் கரையில், ஃபூஜியன் மாகாணத்தில் இருக்கும் பழைய துறைமுக நகரம் சுவான்சோ. மார்க்கோ போலோ 'சைத்தூன்' என்று எழுதியது இந்த ஊரைத்தான். 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பிறகு வெளியூர்க் கூட்டம் கூடிவிட்டது. அங்கே போகப்போகும் நண்பர்கள் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் வயிறு, பர்ஸ், சாயங்காலம் இந்த மூன்றைச் சுற்றியே இருக்கும். அவற்றுக்கான பதில்கள் இவை.

பக்கத்துப் பெரிய நகரமான சியாமெனில் தங்கிக்கொண்டு ஒருநாள் மட்டும் போய்வந்தால் போதாதா?

போய்வர முடியும். அதிவேக ரயிலில் அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி நேரம். ஆனால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பகலில் போகிறவர்கள் காய்யுவான் என்ற பௌத்தக் கோயிலையும் கடல்சார் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு ஐந்து மணி ரயிலைப் பிடிக்க ஓடுகிறார்கள். இந்த ஊர் எழுந்து உட்காருவதே அந்த நேரத்தில்தான். இரண்டு இரவாவது தங்கினால்தான் சுவான்சோவைப் பார்த்ததாக அர்த்தம்.

டிக்கெட் எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. குவாங்சோ வேறு, சுவான்சோ வேறு. ஆங்கில எழுத்தில் முதல் எழுத்து மட்டும்தான் கண்ணில் படும்படி மாறும். குவாங்சோ பல நூறு கிலோமீட்டர் தள்ளி, வேறு மாகாணத்தில் இருக்கிறது. இன்னொன்று: 2023இல் புதிய ரயில் பாதை திறந்தபோது 'சுவான்சோ கிழக்கு', 'சுவான்சோ தெற்கு' என்று புது நிலையங்கள் வந்தன. வெறும் 'சுவான்சோ' என்று இருக்கும் பழைய நிலையம்தான் பழைய நகரத்துக்குப் பக்கம்.

எந்தப் பகுதியில் தங்குவது?

பழைய நகரத்தில், மணிக்கூண்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில். 1934இல் கட்டிய வெள்ளை மணிக்கூண்டு அது. மேற்குத் தெருவும் சோங்ஷான் சாலையும் சந்திக்கும் இடத்தில் நிற்கிறது. சாப்பாடு, தேநீர், பாட்டு எல்லாம் இதைச் சுற்றித்தான். ஊரில் மெட்ரோ கிடையாது. பழைய நகரத்துக்குள் சின்ன வெள்ளை மின்வண்டிகள் ஓடுகின்றன, ஊர்க்காரர்கள் அதைச் செல்லமாக 'சியாவ்பாய்' என்பார்கள். பெரும்பாலும் நடையே போதும்.

சின்ன விடுதிகளில் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைப் பதிவு செய்யத் தெரியாமல் விழிப்பது உண்டு. முன்பதிவு செய்ததும் ஒரு செய்தி அனுப்பிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் எப்படிக் கொடுப்பது?

நம் ஊர் யுபிஐ மாதிரிதான், எல்லாமே க்யூஆர் கோடு. அலிபே, வீசாட் என்ற கைபேசிச் செயலிகளில் ஒன்றில் வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டையை இணைக்கலாம். 200 யுவானுக்குள் கட்டணம் இல்லை. அதற்கு மேல் போனால் 3 சதவீதம் பிடிப்பார்கள், பெரிய பில்லாக இருந்தால் கவனம். ஒரு யுவான் சுமார் 12 இந்திய ரூபாய். இணைப்பு வேலையை ஊரிலேயே முடித்துவிட்டுப் போங்கள், அங்கே போய் ஓடிபிக்காகக் காத்திருக்காதீர்கள். கொஞ்சம் நோட்டும் கையில் இருக்கட்டும், கோயில் வாசலில் பூ விற்கும் பாட்டிகள் அதையும் வாங்கிக்கொள்வார்கள்.

முதல் நாள் என்ன சாப்பிடுவது?

காலையில் மியென்சியென்ஹு. நூல் போன்ற கோதுமைச் சேமியாவைக் கெட்டியான சூப்பில் கரையவிட்ட கஞ்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடை முன்னால் தட்டுத் தட்டாக வைத்திருப்பார்கள்: சிப்பி, கணவாய், முட்டை, பன்றிக் குடல், ஈரல், வினிகரில் ஊறவைத்துப் பொரித்த இறைச்சி. கைகாட்டினால் போதும், கிண்ணத்தில் போட்டு மிளகுத்தூள் தூவித் தருவார்கள். ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனி விலை என்பதால் ஆசைப்பட்டு ஐந்தாறு காட்டினால் பில் ஏறும், சுவையும் ஒன்றோடொன்று மோதும். இரண்டு போதும். கூடவே எண்ணெயில் பொரித்த நீளமான யோதியாவ் ஒன்றை வாங்கிப் பிய்த்து அதில் முக்கிச் சாப்பிட வேண்டும். இதே கஞ்சியை நள்ளிரவிலும் விற்பார்கள், அப்போது இன்னும் நன்றாக இருப்பதுபோல எனக்குத் தோன்றும்.

மதியத்துக்கு மாட்டிறைச்சி சூப்பும் உப்புச்சோறும். கேரட், இறைச்சித் துண்டு போட்டு வேகவைத்த சோறு அது. பிரியாணி எதிர்பார்த்துப் போகாதீர்கள், இதமான சாப்பாடு.

இரவுக்கு ஜியாங்மு யா, அதாவது இஞ்சி வாத்து. இதைக் கடையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. நடைபாதையோரம் அடுப்பில் மண்சட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும், தெருமுனையிலேயே முற்றிய இஞ்சியும் நல்லெண்ணெயும் மணக்கும். அரிசி மது ஊற்றி, தண்ணீர் வற்றும்வரை வேகவைக்கிறார்கள். அடியில் கிடக்கும் இஞ்சித் துண்டுகள் மொறுமொறுவென்று ஆகியிருக்கும், அதை ஒதுக்கிவைக்காமல் சாப்பிடுங்கள். குளிர்காலத்துச் சாப்பாடு என்று பெயர், ஆனால் ஆண்டு முழுக்கக் கிடைக்கும்.

சிப்பியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தக் கரையில் சிப்பி வெறும் சாப்பாட்டுப் பொருள் மட்டுமல்ல. ஊருக்கு வடகிழக்கே லோயாங் பாலம் இருக்கிறது. 1053இல் தொடங்கி 1059இல் முடித்த கல்பாலம். அதன் தூண்களின் அடியில் சிப்பிகளை வளர்த்தார்கள். சிப்பி ஒட்டிக்கொண்டு வளர வளரக் கற்கள் ஒன்றோடொன்று இறுகின. சாயங்காலம் நீர் இறங்கும் நேரத்தில் அந்தப் பாலத்தில் நடந்துவிட்டு, பக்கத்துத் தெருவில் சூடாக ஹைலிஜியென் சாப்பிடலாம். சர்க்கரைவள்ளி மாவு, முட்டை, பூண்டுத் தாள், அதில் பொடிச் சிப்பிகள், எல்லாம் சேர்த்துத் தோசைக்கல்லில் போட்டு எடுப்பது.

துணிச்சல் இருந்தால் தூசுன்தோங். கடற்கரைச் சேற்றில் கிடைக்கும் ஒருவகைப் புழுவை வேகவைத்து, அதன் சாறே ஜெல்லியாக உறையும்படி சின்னக் கிண்ணங்களில் ஆறவிடுவார்கள். வினிகர், பூண்டு, கடுகு விழுது தொட்டுக் குளிர்ச்சியாகச் சாப்பிடுவது. உள்ளே புழு கண்ணுக்குத் தெரியும். என் கருத்து: கடுகு விழுதுதான் உண்மையான ருசி, மற்றதெல்லாம் வழவழப்பு.

காரம் கிடைக்குமா?

கிடைக்காது. மேசையில் இருக்கும் மிளகாய் சாஸ்கூட இனிக்கும். ஊறுகாய் எடுத்துப்போகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

சைவம், ஹலால் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

சைவத்துக்கு வழி இருக்கிறது, ஆனால் தெருக்கடையில் இல்லை. இறைச்சி போடாதே என்று சொன்னாலும் சூப்பின் அடிப்படையே எலும்பாகவோ மீனாகவோ இருக்கும். பௌத்தர்கள் நடத்தும் சைவ உணவகங்களைத் தேடுங்கள், பெரிய கோயில்களை ஒட்டி இருக்கும். அங்கே வெங்காயம், பூண்டுகூட இருக்காது. 'வோ ச்சீ சூ' என்றால் 'நான் சைவம்' என்று பொருள். முட்டை வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும், மொழிபெயர்ப்புச் செயலியில் எழுதிக் காட்டிவிடுவது நல்லது.

இனிப்புப் பக்கம் போனால் கவலையே இல்லை. ஷிஹுவாகாவ் என்பது நம் கடல்பாசிதான். பாறையில் வளரும் பாசியைக் காய்ச்சி உறையவைத்து, நூலாகச் சீவி, தேன் கலந்த நீரில் மிதக்கவிடுவார்கள். ரமலான் நோன்பு திறக்கக் கடல்பாசி செய்யும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு முதல் கரண்டியிலேயே தெரிந்துவிடும். அதோடு பயறு, சேப்பங்கிழங்கு, பழத்துண்டு சேர்த்தால் ஸகுவோதாங். வெயில் நேரத்தில் இதுவே மதியச் சாப்பாடாக ஆகிவிடும். நிலக்கடலையைக் கரையும்வரை வேகவைத்த இனிப்பு சூப்பும் உண்டு.

ஹலாலுக்கு, மேற்குச் சீன முஸ்லிம்கள் நடத்தும் கையால் இழுக்கும் நூடுல்ஸ் கடைகள் சீனாவின் எல்லா ஊரையும்போல இங்கேயும் இருக்கின்றன. பச்சைப் பலகையில் அரபி எழுத்து இருக்கும். 1009இல் எழுந்த சிங்ஜிங் பள்ளிவாசல் தூமென் தெருவில் இருக்கிறது, கருங்கல் வாயில் இன்றும் நிற்கிறது. பள்ளிவாசல் பழையது என்பதால் சுற்றிலும் எல்லாமே ஹலால் என்று நினைத்துவிடாதீர்கள், கடை வாசலில் பார்த்துத்தான் நுழைய வேண்டும்.

பினாங்கில் சாப்பிட்டது மாதிரியே இருக்கிறதே, ஏன்?

இங்கிருந்து போனவர்கள் கொண்டுபோனதுதான். மலேசியா, சிங்கப்பூரில் ஹொக்கியன் மொழி பேசும் சீனர்களில் பலரின் பூர்வீகம் சுவான்சோவும் பக்கத்து ஜாங்சோவும். அங்கே போப்பியா என்று வாங்குவது இங்கே ருன்பிங். மெல்லிய மாவு உறைக்குள் காய்கறியும் கடலைத்தூளும் வைத்துச் சுருட்டுவது. அப்பம் பாலேக் என்று கிள்ளானில் விற்பதற்கு இங்கே மான்ஜியென்காவ் என்று பெயர், கடலையும் சர்க்கரையும் வைத்து மடித்த மொத்த அப்பம். சோங்ஷான் சாலையில் கடைகளுக்கு முன்னால் தூண் வைத்த மூடிய நடைபாதை போகும், அதுவும் பினாங்கின் ஜார்ஜ் டவுனை ஞாபகப்படுத்தும். மழை பெய்தாலும் குடையில்லாமல் கடை ஏறி இறங்கலாம்.

என்ன வாங்கலாம்?

தேயிலை. மற்றதெல்லாம் அப்புறம்.

சுவான்சோவின் ஆளுகையில் இருக்கும் அன்சி மாவட்டம்தான் தியேகுவான்யின் தேயிலையின் சொந்த ஊர். பாதி நொதிக்கவைத்த ஊலாங் வகை, இலை குண்டுமணிபோல் சுருண்டிருக்கும். கடைக்குள் நுழைந்தால் உட்காரச் சொல்வார்கள். விரல் அளவுக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், குடித்துவிட்டு வைத்தால் மறுபடி ஊற்றுவார்கள். நன்றி சொல்ல இரண்டு விரலால் மேசையைத் தட்டினால் போதும். இரண்டு மூன்று வகை குடித்துப் பார்த்துவிட்டு வாங்காமல் எழுந்து வரலாம், யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டால் நமக்கே கூச்சமாகிவிடும்.

கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. ஒன்று, லேசானதா வறுத்ததா? லேசானது பச்சையாக, பூ மணத்தோடு இருக்கும், ஆனால் குளிர்பெட்டியில் வைக்காவிட்டால் சில மாதங்களில் மணம் போய்விடும். ஊருக்கு எடுத்துவர வறுத்ததுதான் சரி. நம் வெயிலைத் தாங்கும், பாலில்லாத தேநீர் பழகாதவர்களுக்கும் பிடிக்கும். இரண்டாவது, சொல்லும் விலை எவ்வளவு எடைக்கு? பெரும்பாலும் ஒரு 'ஜின்' கணக்கில், அதாவது 500 கிராமுக்குச் சொல்வார்கள். கிலோ என்று நினைத்துக்கொண்டு சந்தோஷப்படாதீர்கள். ஒருவேளைக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன உறைகளில் காற்று நீக்கிக் கட்டித் தருவார்கள், பகிர்ந்து கொடுக்க வசதி. அலங்காரப் பெட்டிக்கு மயங்க வேண்டாம், பெட்டியின் விலையும் தேயிலையில் ஏறியிருக்கும்.

அடுத்து டெஹுவா வெண்பீங்கான். டெஹுவாவும் சுவான்சோவின் ஆளுகைக்குள் வரும் மலை மாவட்டம். பாலேடு நிறத்தில், கண்ணாடிபோல் மெலிந்த கிண்ணங்கள். விளிம்பை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் விரலின் நிழல் தெரியும். மிங் அரச மரபின் காலத்தில் ஹே சாவ்சோங் என்ற கைவினைஞர் செய்த, பௌத்தக் கருணைத் தெய்வமான குவான்யினின் சிலைகள் உலகப் புகழ் பெற்றவை. அவர் முத்திரையைப் போலியாகக் குத்துவதும் அவ்வளவே பழைய தொழில். 'பழைய பொருள்' என்று யாராவது காட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள். புதிய தேநீர்க் கிண்ணங்கள் மலிவு, அழகு, அவை போதும்.

காலணி பற்றிப் பலர் கேட்பதில்லை, கேட்க வேண்டும். ஆண்டா, எக்ஸ்டெப், 361 டிகிரி மூன்றும் சுவான்சோவுக்கு உட்பட்ட ஜின்ஜியாங்கில் பிறந்த நிறுவனங்கள். 2019இல் வில்சன், சாலமன் பிராண்டுகளை வைத்திருக்கும் அமெர் ஸ்போர்ட்ஸை வாங்கிய கூட்டணிக்கு ஆண்டாதான் தலைமை. சொந்த ஊர்க் கடைகளில் ஓட்டப் பயிற்சிக் காலணிகள் நல்ல விலைக்குக் கிடைக்கும். அளவு ஐரோப்பிய எண்ணில் இருக்கும், போட்டுப் பார்த்து வாங்குங்கள். துணிக்குப் பக்கத்து ஷிஷி நகரம் பேர்போனது, ஆனால் அது மொத்த வியாபாரிகளின் உலகம். இரண்டு சட்டைக்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

பேரம் பேசலாமா?

சாப்பாட்டில் வேண்டாம். மேற்குத் தெரு நினைவுப்பொருள் கடைகளில் பேசலாம். தேயிலைக் கடையில் விலையைக் குறைப்பதைவிட, இரண்டு உறை கூடுதலாகப் போடச் சொன்னால் சீக்கிரம் வேலை நடக்கும்.

பெரிய மால்கள்?

இருக்கின்றன. புஷி வாண்டா பிளாசாவில் சினிமா, ஏசி, சுத்தமான கழிவறை எல்லாம் உண்டு. கோடை மதியத்துக்கு உதவும். மற்றபடி எந்தச் சீன நகரத்திலும் பார்க்கக்கூடியதுதான்.

சாயங்காலம் என்ன பார்க்கலாம்?

வெளிச்சம் மங்கும்போது மேற்குத் தெருவில் ஏதாவது ஒரு மொட்டைமாடித் தேநீர்க் கடைக்கு ஏறிவிடுங்கள். சிவப்பு ஓட்டுக் கூரைகளுக்கு மேலே காய்யுவான் கோயிலின் இரண்டு கல் கோபுரங்களும் தெரியும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் கல்லால் கட்டியவை, கிழக்குக் கோபுரம் சுமார் 48 மீட்டர் உயரம். தெருவில் விடுமுறை நாட்களில் கால் வைக்க இடமிருக்காது. சந்துகளுக்குள் திரும்பினால் இரண்டாவது திருப்பத்திலேயே அமைதி.

அப்புறம் நான்யின் கேளுங்கள். 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பழமையான இசை. 'பீப்பா' என்ற தந்திக் கருவியை நிமிர்த்திப் பிடிக்காமல் மடியில் கிடையாக வைத்து மீட்டுவார்கள். செங்குத்தாகப் பிடித்து ஊதும் புல்லாங்குழல் ஒன்று, வில்லால் இழைக்கும் இரண்டு தந்திக் கருவி ஒன்று, மூன்று தந்திக் கருவி ஒன்று. பாடுகிறவர் நடுவில் உட்கார்ந்து மரத்தகடுகளைத் தட்டித் தாளம் போடுவார். படு விளம்ப காலம். ஒரு சொல்லை இழுத்து முடிப்பதற்குள் நம் தேநீர் ஆறிவிடும். முதல் பத்து நிமிடம் பொறுமை வேண்டும், அதைத் தாண்டிவிட்டால் எழுந்துவர மனம் வராது. கன்பூசியஸ் கோயில் வளாகத்திலும் பழைய நகரத் தேநீர்க் கூடங்களிலும் கேட்கலாம். கூட்டத்தில் பாதிப் பேர் உள்ளூர்த் தாத்தா பாட்டிகள், வாயசைத்துக் கூடவே பாடுவார்கள்.

குழந்தைகள் உடன் இருந்தால் நூல்பாவைக் கூத்து. ஒரு பாவைக்குக் குறைந்தது 16 நூல், சிலவற்றுக்கு 30க்கும் மேல். பாவை மதுக்குடுவையைத் தூக்கி ஊற்றும், வாளை உருவி உறையில் போடும். மொழி தெரியாவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. லியுவான் நாடகம் கொஞ்சம் கனமான விஷயம். விரல் எந்த உயரம்வரை போகலாம் என்பதுகூட விதிப்படி நடக்கும். பரதம் கற்றவர்கள் ரசிப்பார்கள், மற்றவர்கள் கோமாளி வேடம் தூக்கலாக இருக்கும் காவ்ஜியா நாடகத்துக்குப் போகலாம்.

இதற்கெல்லாம் நுழைவுச்சீட்டு கிடைக்காவிட்டாலும் சந்தர்ப்பம் போய்விடாது. ஏதாவது ஒரு சின்னக் கோயிலில் சாமிக்குப் பிறந்தநாள் வரும். எதிரே மேடை போட்டு நாடகம் நடத்துவார்கள். நாடகம் சாமிக்கு, நாம் சும்மா பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பார்க்கிறவர்கள். கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

பார், டிஸ்கோ உண்டா?

உண்டு, ஆனால் ஷாங்ஹாயைத் தேடி இங்கே வராதீர்கள். ஊர்க்காரர்களின் இரவு வாழ்க்கை என்றால் தெருவோர மேசை, வேகவைத்த கிளிஞ்சல், பக்கத்து ஹூயிஆன் மாவட்டத்தில் தயாராகும் ஹூயிசுவான் பீர். சத்தம் நிறைய, செலவு குறைவு. கடல் உணவை எடைபோட்டு விற்கும் இடங்களில் சமைக்கும் முன்பே விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு படம் எடுக்கிறார்களே, அது என்ன?

சுன்பு என்ற மீனவக் கிராமத்துப் பெண்களின் வழக்கம். கொண்டையைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பூச்சரம் கட்டுவார்கள். 2023இல் சமூக ஊடகங்களில் பரவி, இப்போது கிராமம் முழுக்கப் பூ அலங்காரக் கடைகள். சில பத்து யுவானுக்குத் தலை அலங்காரம், உடையும் ஒளிப்படமும் சேர்ந்தால் பல மடங்கு. நிஜப் பூவா துணிப்பூவா என்று முதலிலேயே கேளுங்கள். மல்லிகையும் கனகாம்பரமும் சூடி வளர்ந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது, ஆனால் அங்குள்ள பாட்டிகள் சந்தைக்குப் போகும்போதும் அப்படியே போவதைப் பார்க்கலாம். சிப்பி ஓடுகளைச் சுவரில் பதித்துக் கட்டிய பழைய வீடுகளுக்காகவே போகலாம். காலை ஒன்பதுக்கு முன் போனால் கூட்டம் இல்லை.

தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது என்கிறார்களே?

உண்மை. 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த, தமிழும் சீனமும் பொறித்த கல்வெட்டு இந்த ஊரில் கிடைத்தது. இங்கே சிவன் கோயில் இருந்ததற்கு அதுவே சான்று. அந்தக் கோயில் இன்று இல்லை, கற்கள் சிதறிவிட்டன. கடல்சார் அருங்காட்சியகத்தில் இந்து சமயச் சிற்பங்களைத் தனியாக வைத்திருக்கிறார்கள், திங்களன்று விடுமுறை. காய்யுவான் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்புறம் போனால் இரண்டு கல்தூண்கள் நிற்கும். நரசிம்மரும் கண்ணனும் அதில் இருக்கிறார்கள். சுற்றுலா வழிகாட்டிகள் கூட்டத்தை முன்வாசலோடு திருப்பிவிடுவார்கள், நீங்களாகவே பின்னால் சுற்றிப் போக வேண்டும். கோயிலை மாலையிலேயே மூடிவிடுவார்கள் என்பதால் சாப்பாட்டுக்கு முன் இதை முடித்துவிடுங்கள்.

எந்த மாதத்தில் போவது?

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர்வரை சுகமான காலம். ஜூலை முதல் செப்டம்பர்வரை புயல் வரும், ரயிலையே நிறுத்திவிடுவார்கள். அக்டோபர் முதல் வாரம் தேசிய விடுமுறை, விடுதி விலை எகிறும். சீனப் புத்தாண்டுக்குப் பிறகு வரும் முதல் பௌர்ணமியன்று விளக்குத் திருவிழா, சுவான்சோவின் காகித விளக்குகளுக்கு நாடு முழுக்கப் பெயர் உண்டு. அந்த இரவுக்கு அறை வேண்டுமென்றால் மாதக்கணக்கில் முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும், கிடைக்காவிட்டால் ஜின்ஜியாங்கில் தங்கி டாக்சியில் வரலாம்.